பரண்மேல் இருந்த நாற்பது தொகுதிகள்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் ஏதாவது ஒன்று இருக்கும். பித்தளை அண்டா இருக்கும். பழைய தொட்டில் இருக்கும். தாத்தாவின் டிரங்குப் பெட்டி இருக்கும். ஓமலூரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எங்கள் வீட்டுப் பரணில் நாற்பது தடித்த புத்தகங்கள் இருந்தன. கறுப்புத் துணி அட்டை. முதுகில் மங்கிப்போன தங்க நிற எழுத்து. 'தி மெட்ராஸ் லா ஜர்னல்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். 1950 முதல் 1969 வரை, ஆண்டுக்கு இரண்டு தொகுதிகள்.

அந்தப் புத்தகங்களை நான் மதித்ததே இல்லை. அவற்றில் பதின்மூன்றை எடைக்குப் போட்டவனும் நான்தான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன். நண்பர்கள் சிரித்துக்கொண்டே படிக்கலாம். ஆனால் வீட்டுக்குப் போனதும் தத்தம் பரணை ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா ஓமலூரில் ஒரு வக்கீலிடம் முப்பது ஆண்டுகள் குமாஸ்தாவாக இருந்தவர். பத்தாம் வகுப்புப் படிப்பு. 'வக்கீல் ஐயா' என்றுதான் எங்கள் வீட்டில் அவர் முதலாளிக்குப் பெயர். காலையில் ஏழு மணிக்குப் போய் ஆபீசைத் திறப்பது, கட்சிக்காரர்களை உட்கார வைப்பது, கேஸ் கட்டுகளைத் தேதிவாரியாக எடுத்து வைப்பது, பிராதுக்கு நம்பர் ஆகிவிட்டதா என்று பார்ப்பது, நகல் மனுப் போடுவது, வாய்தாவை டைரியில் குறிப்பது எல்லாம் அப்பாவின் வேலை. இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. வாதம் நடக்கும் நாளில் ஜர்னல்களைக் கோர்ட்டுக்குச் சுமந்து செல்ல வேண்டும்.

முதல்நாள் இரவே வக்கீல் ஐயா எந்தெந்தத் தொகுதி வேண்டும் என்று சொல்லிவிடுவார். அப்பா அவற்றை எடுத்துத் தூசி தட்டி, உரிய பக்கத்தில் காகிதச் சீட்டு வைப்பார். சொத்து வழக்குக்கு மஞ்சள் சீட்டு, கடன் வழக்குக்கு வெள்ளைச் சீட்டு, வழித்தட வழக்குக்கு நீலச் சீட்டு என்று ஒரு முறை வைத்திருந்தாராம். சீட்டின் தலைப்பில் வக்கீல் ஐயா பென்சிலால் இரண்டு சொல் எழுதுவார். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் எண்ணும், கட்சிக்காரர் பெயரும் படிக்க வரும். அதற்குமேல் வராது. ஆனாலும் எந்த விஷயம் எந்தத் தொகுதியில் இருக்கிறது என்பது அவருக்குப் பாடம். நம் நூலகர் அலமாரியைப் பாராமலே புத்தகம் இருக்கும் இடம் சொல்வாரே, அது போல.

வக்கீல் ஐயா காலமானபோது அவருடைய பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்து ஆபீசைக் காலி செய்தார்கள். புதிய ஜர்னல்களை ஜூனியர் எடுத்துக்கொண்டார். "உங்களுக்கு என்ன வேணுமோ எடுத்துக்குங்க" என்று அப்பாவிடம் சொன்னார்கள். தேக்கு பீரோ இருந்தது. சுழல் நாற்காலி இருந்தது. சுவர்க் கடிகாரம் இருந்தது. அப்பா அந்த நாற்பது பழைய தொகுதிகளைக் கேட்டு வாங்கி, ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏங்க, பீரோவக் கேட்டிருந்தா துணியாச்சும் வெக்கலாம். இந்தப் பொஸ்தகத்த வெச்சு என்ன பண்றது? ஊறுகாயா போடறது?"

அப்பா பதில் சொல்லவில்லை. புத்தகங்கள் பரணுக்குப் போயின.

நான் பிளஸ்-டூ முடித்த கோடை விடுமுறை. என் செல்போன் கீழே விழுந்து திரை உடைந்துவிட்டது. திரை மாற்ற ஆயிரத்து நானூறு ரூபாய் வேண்டும் என்றார் கடைக்காரர். அப்பாவிடம் கேட்கப் பயம். கையில் ஆயிரம் இருந்தது. ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பரணில் ஏறினேன். கைக்கு எட்டிய பதின்மூன்று தொகுதிகளை இரண்டு சாக்கில் போட்டுக் கட்டி, மொபெட்டில் வைத்து, பழைய பேப்பர் கடைக்குப் போனேன். முப்பத்தைந்து கிலோ நின்றது. கிலோ பன்னிரண்டு ரூபாய். நானூற்றிருபது ரூபாய் கிடைத்தது. திரையும் மாறியது, இருபது ரூபாய்க்கு ஒரு சர்பத்தும் ஆயிற்று.

பத்து நாள் கழித்து அப்பா கண்டுபிடித்தார். அவர் திட்டவில்லை. பரணையே பார்த்துக்கொண்டு நின்று, "எந்த வருஷத்துத தொகுதியெல்லாம் போட்டே?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் முதுகைக்கூடப் படித்துப் பார்த்திருக்கவில்லை.

நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் அத்தைக்கு ஒரு தொல்லை வந்தது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. மாமா இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு ஏக்கர் காட்டில் குண்டுமல்லி போட்டிருக்கிறார். மல்லியின் வியாபாரம் நம்மில் பலருக்குத் தெரியும். விடிவதற்குள் பறித்தாக வேண்டும்; மொட்டு விரிவதற்குள் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். ஒரு மணி நேரம் தாமதித்தால் விலை பாதியாகிவிடும். அத்தையின் காடு உள்ளே இருக்கிறது. சாலைக்கு வர முன்னால் இருக்கும் காட்டின் ஓரமாக ஒரு வண்டித் தடம். மாமாவின் அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்ட நாளிலிருந்து அந்தத் தடம் புழக்கத்தில் இருந்தது. முன்காட்டை வாரிசுகள் விற்றார்கள். வாங்கியவர் கம்பி வேலி போட்டுத் தடத்தை அடைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அத்தை கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வரப்பில் இறங்கி, ஏரிக்கரையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் நடந்தார். வயது அறுபத்திரண்டு. மழை நாளில் ஒருமுறை வழுக்கி விழுந்து பூவெல்லாம் சேற்றில் கொட்டிவிட்டது. அன்றைக்குத்தான் அப்பா, "அக்கா, கேஸ் போட்டுரலாம்" என்றார்.

ஓமலூரில் ஓர் இளம் பெண் வழக்கறிஞர் வழக்கை எடுத்துக்கொண்டார். அவர் எங்களுக்கு விளக்கியதை என் நினைவில் இருக்கிறபடி எழுதுகிறேன், ஏனென்றால் நம் கிராமத்து நண்பர்களில் பாதிப் பேர் வீட்டில் இப்படி ஒரு தடத் தகராறு இருக்கும். 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பிறர் நிலத்தின் வழியே போகவர நமக்குள்ள பாத்தியம் பற்றிப் பேசுவது அது. இருபது ஆண்டுகள் வெளிப்படையாகவும், சண்டை சச்சரவு இல்லாமலும், இடைவிடாமலும், உரிமையாகவும் ஒரு வழியைப் பயன்படுத்தி வந்தால் அந்த வழி நமக்குப் பாத்தியமாகும். பாகப்பிரிவினையால் உள்ளே அடைபட்டுப் போன நிலத்துக்கு, வேறு வழியே இல்லையென்றால், அவசியத்தின் பேரிலும் வழி உண்டு.

கேட்க எளிதாக இருந்தது. எதிர்த்தரப்பு சொன்ன பதிலும் எளிதாகவே இருந்தது. ஏரிக்கரை வழி இருக்கிறதே, அது சுற்று வழியாக இருக்கலாம், ஆனால் வழிதானே. ஆகையால் அவசியம் என்ற பேச்சுக்கு இடமில்லை. இருபது ஆண்டுகள் போனது உண்மைதான். ஆனால் முன்காட்டுக்காரர்களும் பின்காட்டுக்காரர்களும் பங்காளிகள். சொந்தக்காரர்கள் போகட்டும் என்று விட்ட வழி அது. அனுமதியின் பேரில் போனது உரிமை ஆகாது.

போகட்டும் என்று விட்ட வழியா, போவது என் பாத்தியம் என்று போன வழியா? அத்தையின் வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது.

"இதே கேள்விக்கு ஹைகோர்ட் ஏதாவது தெளிவா சொல்லியிருந்தா நமக்குப் பலமா இருக்கும்" என்றார் வழக்கறிஞர். கணினியில் தேடினார். நூற்றுக்கணக்கில் தீர்ப்புகள் வந்தன. எது நம் வழக்கின் அச்சோடு பொருந்துகிறது என்று பார்ப்பதற்குள் கண் பூத்துப்போகும் போலிருந்தது.

அப்போது அப்பா மெதுவாகச் சொன்னார். "மேடம், எங்க ஐயா இதே மாதிரி ஒரு கேஸ் நடத்தினாரு. பங்காளிங்க, வண்டித் தடம், அனுமதியா உரிமையான்னுதான் வாதம். ஜர்னல்ல ஒரு ஜட்ஜ்மெண்ட் காட்டி ஜெயிச்சாரு. அம்பதுகள்ல ஒரு தொகுதி. நீலச் சீட்டு வெச்சது நான்தான்."

"அந்தத் தொகுதி இருக்குதுங்களா?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அவர் பார்த்திருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது.

அன்று மாலையே பரணில் ஏறி எஞ்சியிருந்த இருபத்தேழையும் இறக்கினோம். நீலச் சீட்டு எதிலும் இல்லை. மறுநாள் பழைய பேப்பர் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் நல்ல மனிதர். குடோனைத் திறந்துவிட்டு, "நீயே தேடிக்கோ தம்பி" என்றார். அட்டைப் பெட்டி மலைகளுக்கு நடுவே இரண்டு மணி நேரம் துழாவினேன். மூன்று தொகுதிகள் கிடைத்தன. மற்ற பத்தும் காகித ஆலைக்குப் போய்விட்டன. கிடைத்த மூன்றிலும் நீலச் சீட்டு இல்லை.

இந்தச் செய்தியை எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "நீ ஒரு பிரதியைத்தான் தொலைச்சிருக்கே. சட்டத்தைத் தொலைக்கலை. சேலத்துல பழைய வக்கீல்கள் வீட்டுல அதே தொகுதி அதே பக்கத்தோட இருக்கும்" என்று சொல்லி, ஒரு மூத்த வழக்கறிஞருக்குக் கடிதம் கொடுத்தார்.

இரண்டு சனிக்கிழமைகள் அந்தப் பெரியவரின் நூலகத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு தொகுதியிலும் பொருள்வாரியாக ஓர் அகரவரிசை உண்டு. அதில் ஈஸ்மெண்ட் என்ற தலைப்பைப் பார்த்து, அங்கே குறித்த பக்கங்களைப் புரட்டி, கட்சிக்காரர்கள் பங்காளிகளா, வண்டித் தடமா என்று படிக்க வேண்டும். ஆங்கில அகராதி ஒன்று பக்கத்தில். முதல் சனிக்கிழமை ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அகப்பட்டது. அப்பா சொன்ன அதே வழக்கு. தொகுதி எண்ணையும் பக்கத்தையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். கை நடுங்கியது என்று எழுதினால் மிகையென்று நினைப்பீர்கள், நடுங்கத்தான் செய்தது.

அந்தப் பெரியவரின் நூலகத்திலும், பின்னர் பேராசிரியரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றைச் சொன்னால்தான் அந்தக் கறுப்புப் புத்தகத்தின் அருமை விளங்கும்.

நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு சொல்லப்படுகிறது. அது வழக்காடிய இருவருக்குள் முடிந்துபோகிற விஷயம். அதை ஒருவர் கேட்டு, குறித்து, சரிபார்த்து, அச்சிட்டால்தான் அது மூன்றாம் மனிதனுக்குப் பயன்படும். உயர்நீதிமன்றம் சொன்ன சட்டம் கீழமை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் என்பது விதி. என்ன சொன்னது என்று தெரியாவிட்டால் எதற்குக் கட்டுப்படுவது? இதற்காக ஆங்கில அரசு 1875இல் ஒரு சட்டம் இயற்றி, 1876 முதல் 'இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்' என்ற வரிசையை வெளியிட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய், அலகாபாத் உயர்நீதிமன்றங்களுக்குத் தனித்தனி வரிசைகள்.

அந்தச் சென்னை வரிசையின் ஏழாம் தொகுதியில் 466ஆம் பக்கத்தைப் பெரியவர் எனக்கு எடுத்துக் காட்டினார். நம் சேலத்து வழக்கு! சேலத்தில் வக்கீலாக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் போட்டது. 1882இல் சேலத்தில் மூண்ட கலவரத்தைத் தூண்டினார் என்று அவர்மீது குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். மேல்முறையீட்டில் அவர் விடுதலையானார். இதற்கிடையே நகராட்சி மன்றத்திலிருந்து அவரை நீக்கியிருந்தார்கள். விடுதலையானவர் சும்மா இருக்கவில்லை. லண்டனில் இருந்த இந்திய மந்திரியையே எதிர்வாதியாக்கி வழக்குப் போட்டார். 1884இல் வென்றார். கிடைத்த நஷ்ட ஈடு நூறு ரூபாய். பின்னாளில் 1920இல் நாகபுரிக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர் இவரே.

நூறு ரூபாய் அன்றே செலவழிந்திருக்கும். 'ஏழு மெட்ராஸ் நானூற்று அறுபத்தாறு' என்ற முகவரி மட்டும் அழியவில்லை. அரசு தவறு செய்தால் அரசின்மேல் வழக்குப் போடலாமா என்று கேள்வி எழும்போதெல்லாம் வக்கீல்கள் அந்தப் பக்கத்தைத் திறக்கிறார்கள்.

அரசு வெளியீட்டோடு நின்றுவிடச் சென்னை வக்கீல்களுக்கு மனமில்லை. மயிலாப்பூரில் எஸ். சுப்பிரமணிய ஐயரின் இல்லத்தில் சனிக்கிழமை தோறும் கூடிச் சட்டம் பேசியவர்கள் 1891இல் 'மெட்ராஸ் லா ஜர்னல்' என்ற இதழைத் தொடங்கினார்கள். பி. ஆர். சுந்தரம் ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயர், பி. எஸ். சிவசாமி ஐயர் முதலியோர் அதன் ஆசிரியர்களாக உழைத்தார்கள். தீர்ப்புகளை வெளியிட்டதோடு, கட்டுரைகளும் குறிப்புகளும் எழுதினார்கள். நீதிபதி சொன்னது சரியில்லை என்று தோன்றினால் காரணம் காட்டி அதையும் எழுதினார்கள். வெள்ளைக்கார நீதிபதிகள் காலத்தில், நாளைக் காலை அதே நீதிபதிமுன் நின்று வாதாட வேண்டிய வக்கீல்கள் இப்படி எழுதினார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இவ்வாறு வளர்ந்ததுதான் சட்ட ஆராய்ச்சி இதழ் என்ற மற்றொரு வகை. டில்லியில் 1956இல் நிறுவப்பட்ட இந்தியச் சட்ட நிறுவனம் 1958 முதல் ஒரு காலாண்டிதழ் நடத்துகிறது. பொதுவாக இத்தகைய ஆராய்ச்சி இதழ்களில் கட்டுரை வெளியாக ஒரு முறை உண்டு. வந்த கட்டுரையில் எழுதியவர் பெயரை மறைத்துவிட்டு, அத்துறை அறிந்த வேறு அறிஞர்களுக்கு அனுப்புவார்கள். அவர்கள் குறை சொன்னால் திருத்த வேண்டும். தேறாது என்றால் திருப்பி அனுப்பப்படும். நம் பருவத் தேர்வு விடைத்தாளுக்கு டம்மி நம்பர் போடுகிறார்களே, அந்த முறைதான். எழுதியவர் பெரிய மனிதரா என்பது திருத்துபவருக்குத் தெரியாது. எழுதியது நிற்கிறதா என்பதே கேள்வி.

அப்படிப்பட்ட இதழ்களை எத்தனை பேர் படிக்கப் போகிறார்கள் என்று நானும் கேட்டேன். பேராசிரியர் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னார். ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்ரிச் கான்ராட் என்ற சட்ட அறிஞர் 1965இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்பது பொருள். அதே பொருளில் அவர் விரிவாக எழுதிய கட்டுரை, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து வெளிவந்த 'சர்வதேச விவகாரங்களின் இந்திய ஆண்டு நூல்' என்ற வெளியீட்டின் 1966-67 தொகுதியில் அச்சாயிற்று. அந்தத் தொகுதியைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் விரித்திருப்பார்கள்? சில நூறு பேர் இருந்தாலே அதிகம்.

1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்தது. பதின்மூன்று நீதிபதிகள். ஏழுக்கு ஆறு. நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தலாம். ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்க முடியாது என்று முடிவாயிற்று. அந்த ஏழாவது வாக்கு நீதிபதி எச். ஆர். கன்னாவுடையது. அவர் தம் தீர்ப்பில் கான்ராடின் அந்தக் கட்டுரையை எடுத்தாண்டிருக்கிறார். சென்னையில் அச்சான ஒரு கட்டுரையைச் சரியான நேரத்தில் ஒரே ஒரு நல்ல வாசகர் படித்தார். அது போதுமானதாக இருந்தது.

இன்னொன்றையும் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1887இல் தொடங்கிய ஹார்வர்டு சட்ட இதழை நடத்துபவர்கள் மாணவர்கள். எதை வெளியிடுவது, எதைத் திருத்துவது என்று முடிவு செய்பவர்களும் அவர்களே. அந்த இதழில் 1890இல் வாரன், பிராண்டைஸ் என்ற இருவர் தனிமனித அந்தரங்க உரிமை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நம் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தபோது அந்தக் கட்டுரையும் பேசப்பட்டது. செல்போன் திரைக்காகச் சட்டத்தை எடைக்குப் போட்ட எனக்கு, என் செல்போனுக்குள் பிறர் எட்டிப் பார்க்காமல் இருக்கும் உரிமைக்கே ஒரு சட்ட இதழ் வேராக இருந்தது என்று கேட்டபோது வெட்கமாக இருந்தது.

மீண்டும் அத்தையின் வழக்குக்கு வருகிறேன்.

சேலத்திலிருந்து அந்தத் தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது இரவு எட்டு மணி. அத்தை திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா நகலை வாங்கி, தலைப்பைப் பார்த்து, "இதேதான்" என்றார்.

"அதுல என்ன எழுதியிருக்குது கண்ணு? படிச்சுச் சொல்லு" என்றார் அத்தை.

நான் படித்தேன். ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில்; பிறகு அதைத் தமிழில். சில வாக்கியங்களுக்கு மூன்று முறை முட்டி மோதினேன். ஒரு வழியை ஒருவர் நெடுங்காலம் எல்லோர் கண்ணுக்கும் தெரியப் பயன்படுத்தி வந்து, தடுக்கக்கூடியவரும் தடுக்கவில்லை என்றால், அது உரிமையாகப் பயன்படுத்தப்பட்டது என்று கொள்ள இடமுண்டு. சொந்தக்காரர்கள் என்ற ஒன்றை மட்டும் வைத்து அதை அனுமதி என்று தள்ளிவிட முடியாது. இதுதான் சாரம். பத்துப் பக்கம் படித்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அத்தை, "இத எழுதுன ஜட்ஜுக்கு நம்ம காட்டப் பத்தி யாரு சொன்னாங்க?" என்றார்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து, "முப்பது வருஷம் இதத் தூக்கிட்டுப் போனேன். உள்ளே என்ன இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது. ஐயா ராத்திரி பூரா உக்காந்து படிச்சது இதுக்குத்தானா?" என்றார்.

நண்பர்களே, எனக்கு இந்தக் கட்டுரையில் சொல்ல இருப்பது அந்த ஒரு வாசகம்தான். சட்டத்தை முப்பது ஆண்டுகள் தோளில் சுமந்த ஒருவருக்கு அதை வாசிக்க மொழி இல்லை. தடம் அடைபட்டு நிற்கும் அத்தைக்கும் இல்லை. அவர்களுக்காகச் சொல்லப்பட்ட நியாயம் அவர்கள் வீட்டுப் பரணிலேயே இருந்தது. ஆனால் அது அவர்களோடு பேசவில்லை.

கீழமை நீதிமன்றங்களில் தமிழிலேயே சாட்சியம் பதியவும் தீர்ப்பு எழுதவும் 1976இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி வழி செய்தார்கள். உயர்நீதிமன்றத்திலும் உச்சநீதிமன்றத்திலும் அரசியலமைப்பின் 348ஆம் பிரிவுப்படி ஆங்கிலமே நடக்கிறது. தேர்ந்த தீர்ப்புகளைத் தமிழில் தரும் 'தீர்ப்புத் திரட்டு' என்ற அரசு வெளியீடு உண்டு என்பதைப் பெரியவர் சொல்லித்தான் அறிந்தேன். 2023 ஜனவரி முதல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புத் தொகுதிகளை இணையத்தில் கட்டணமின்றித் தருகிறது; சிலவற்றைத் தமிழிலும் பெயர்த்துத் தருகிறது. இவையெல்லாம் நல்ல தொடக்கம். ஆனால் தீர்ப்பைப் பெயர்ப்பது ஒன்று. தீர்ப்பு சரியா என்று தமிழில் ஆராய்ந்து எழுதுவது வேறொன்று. மயிலாப்பூரில் அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தார் ஆங்கிலத்தில் செய்ததை நாம் தமிழில் செய்ய வேண்டும். அதற்கு வரலாறும் பொருளியலும் தமிழும் படித்தவர்கள் சட்டத்துக்கு வர வேண்டும். சேலத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. பட்டம் வாங்கியபின் நான் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு மனுப் போடப் போகிறேன். அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாங்கள் கொடுத்த தீர்ப்பை வழக்கறிஞர் காட்டினார். எதிர்த்தரப்பு வழக்கறிஞரும் சும்மா வரவில்லை. அவசியம் என்றால் முழு அவசியமாக இருக்க வேண்டும், வசதிக்குறைவு போதாது என்று சொல்லும் வேறு தீர்ப்புகளைக் காட்டினார். அவையும் ஜர்னலில் வந்தவைதாம். அன்று கோர்ட்டில் பின்வரிசையில் நின்றபோது, ஜர்னல் என்பது நம் பக்கம் மட்டும் பேசும் சாட்சி அல்ல என்று புரிந்துகொண்டேன். வழக்கு முடியும்வரை தடத்தை அடைக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு ஆயிற்று. கம்பி வேலியில் மொபெட் போகுமளவு திறப்பு விட்டிருக்கிறார்கள். அத்தை இப்போது விடிவதற்குள் மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார். மூல வழக்கு வாய்தாவில் இருக்கிறது.

எஞ்சிய முப்பது தொகுதிகளைப் பரணிலிருந்து இறக்கி, கூடத்தில் ஒரு மர அலமாரியில் வைத்துவிட்டோம். அதற்காக அம்மா தன் பாத்திரங்களைச் சமையற்கட்டுக்குள் நெருக்கி வைத்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்த நகலில் நீல நிறத்தில் ஒரு சீட்டு வெட்டி அப்பா வைத்திருக்கிறார். அதன் தலைப்பு மட்டும் வெறுமையாக இருக்கிறது. வக்கீல் ஐயா பென்சிலால் எழுதிய அந்த இரண்டு சொல் என்ன என்பது இனி யாருக்கும் தெரியாது. அது நான் செய்த நஷ்டம். எந்த நூலகத்திலும் கிடைக்காது.

பத்துத் தொகுதிகள் குறைகின்றன. 1952 இரண்டாம் தொகுதி முதல் 1957 முதல் தொகுதி வரை. யார் வீட்டிலேனும், யாருடைய தாத்தாவின் பெட்டியிலேனும் இருந்தால், எடைக்குப் போடுமுன் வரலாற்றுத் துறை மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து சொல்லுங்கள். கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு மேலேயே கொடுக்கிறேன்.